மொத நம்பர்

லோகநாதன் கடைங்களா? உக்காருங்க அம்மணி. அந்த ஸ்டூலு ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. இப்பப் போயி என்ன பண்ணப் போறீங்க, அவன் கடை மூடியிருக்கும். மத்தியானம் சோத்துக்குப் போனான்னா நாலு மணிக்குத்தான் வந்து தொறப்பான். வெயிலு மண்டையப் பொளக்குது. சித்த நேரம் காத்தாடிக்கு அடியில இருந்துபோட்டுப் போங்க.

என்ன வேணும் அவன்கிட்ட? சிம்மு போடற ரவுட்டருங்களா? ஓ, வீட்ல இருந்தே வேலை பாக்கறீங்களாக்கும். கம்பெனி பெங்களூர்ல, வேலை இங்க மாமியார் ஊட்ல. இது மோட்டாரு ரிப்பேர் கடைதான், ஆனாலும் அது என்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க. அந்த மேல் தட்டுல பாருங்க, பெல்ட்டு அட்டைக்குப் பின்னால. கொஞ்சம் பழைய மாடலு. உங்க வேலைக்குத் தாங்குமான்னு தெரியாது, தாங்குனாலும் தாங்கும். வேண்டாங்களா? சரி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அதை எடுத்துப் பாத்துபோட்டு, தூசியத் தட்டிபோட்டு, அங்க போயிருவாங்க.

அவன் எனக்குச் சகலைதானுங்க. என் மாமனாருக்கு ரெண்டு பொண்ணு. பெரிய பொண்ணு கலாமணிய நான் கட்டியிருக்கறேன், சின்னப் பொண்ணு சுகுணாவை அவன் கட்டியிருக்கறான். அவனைப் பத்தி நான் ஒண்ணும் தப்பாச் சொல்ல மாட்டேன். எனக்கு அவன் மேல பொறாமை ஒண்ணும் கிடையாதுங்க. இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இல்ல, கேக்க வேண்டாம். நானே சொல்றேன்.

இந்தச் சுத்துவட்டாரத்துல மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டரு கொண்டாந்து வெச்சது யாருன்னு நெனைக்கறீங்க? நான். இந்தச் சென்னியப்பன். உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது, நீங்க கம்ப்யூட்டர் பாக்கறவீங்க. தோட்டத்துக் கெணத்து மோட்டாரு இருக்குதுல்லீங்க, அதுக்கு திரீபேஸ் கரண்டு வேணும். அது எப்ப வரும், எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துல வெவசாயம் பாக்கற சம்சாரி ராவும் பகலும் தோட்டத்துக்கு நடந்தபடிதான் இருப்பான். இந்த ஸ்டார்ட்டரு ஒரு பொட்டி. அதுக்குள்ள ஒரு சிம்மு. கரண்டு வந்துச்சுன்னா அந்தப் பொட்டி உங்க போனுக்குக் கூப்புடும். எடுத்தா ஒரு பொம்பளைக் கொரலு பேசும், "வணக்கம், மும்முனை மின்சாரம் வந்துள்ளது, மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்"னு. ஒண்ண அமுக்குனா தண்ணி. ரெண்ட அமுக்குனா நின்னு போகும். நீங்க கல்யாண ஊட்ல பந்தியில உக்காந்துக்கிட்டே தோட்டத்துக்குத் தண்ணி கட்டலாம்.

மொத மொதல்ல இதைச் சொன்னப்ப ஒருத்தனும் நம்பலீங்க. பொட்டி பேசுதாம், மோட்டாரு போன் பண்ணுதாம்னு டீக்கடையில வெச்சு ஓட்டுனாங்க. நான்தான் ஊடு ஊடாப் போயிச் சொல்லி, கெஞ்சி, காட்டி, மாட்டி வெச்சேன். இன்னைக்கு அவன் கண்ணாடிக் கதவு போட்ட கடையில ஏசிக்கு அடியில உக்காந்து யாவாரம் பண்றான்னா, அதுக்குப் பாதை போட்டது நான். இதை அவனே சொல்லுவான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலு.

இதுல ஒரு விசயம் இருக்குதுங்க, கேளுங்க. பொட்டியில புதுசா சிம்மு போட்டதும், மொத மொதல்ல எந்த நம்பர்ல இருந்து போன் பண்றமோ அந்த நம்பருதான் அதுக்கு எசமான். அதுக்கப்புறம் வேற நம்பரு சேக்கலாம், ரெண்டு, மூணு, எத்தனை வேணா. ஆனாக் கரண்டு வந்தா பொட்டி மொதல்ல கூப்புடறது மொத நம்பரத்தான். மோட்டாரு ஓடுனா, நின்னா, மெசேஜு வாரதும் அதுக்குத்தான். நம்ம சம்சாரிக்கு இந்தக் கொழப்பமெல்லாம் எதுக்குன்னு, நான் மாட்டற பொட்டிக்கெல்லாம் என் நம்பரையே மொத நம்பரா வெச்சுருவேன். அவங்க நம்பரு ரெண்டாவது. சர்வீசுக்கு லேசுன்னு வெச்சுக்குங்களேன். கோளாறுன்னா இங்க உக்காந்தே பாத்துரலாம்.

அதனால என்னாச்சுன்னா, இந்தப் பக்கம் திரீபேஸ் வந்துச்சுன்னா என் போனு அடிக்கும் பாருங்க! ஒண்ணு வெச்சா ஒண்ணு. ஒவ்வொரு மோட்டாருக்கும் பேரு போட்டு வெச்சிருந்தேன். 'ஓடக்கரைத் தென்னை', 'வாத்தியார் பம்புசெட்', 'மாமனார் தோட்டம்'. காது குத்துக்குப் போனாலும் சரி, எழவுக்குப் போனாலும் சரி, சட்டைப் பாக்கெட்டுல அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கும். மோட்டாரு சத்தத்துலயும் கேக்கோணும்னு எப்பவும் முழுச் சத்தத்துலதான் வெச்சிருப்பேன். "சென்னியப்பனைத் தண்ணி கூப்புடுது, எந்திரிச்சு வழி உடுங்கடா"ன்னு சொல்லுவாங்க. அப்ப ஒரு இது இருக்கும் பாருங்க மனசுல. அதை எப்படிச் சொல்றது.

நான் சாப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப அடிச்சா, கலாமணி வந்து எடுப்பா. என் கை சோத்துல இருக்குமில்லைங்க. அவ எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு என் காதுகிட்டப் புடிப்பா. பல வருசப் பழக்கம். "பெத்த புள்ளை காலேஜ்ல இருந்து கூப்புட்டா அப்புறம் பேசறேங்கறீங்க, இந்த மோட்டாரு கூப்புட்டா வாயெல்லாம் பல்லு"ன்னு சொல்லுவா. பொம்பளைங்களுக்கு யாவாரம் தெரியாது. நீங்க கோவிச்சுக்காதீங்க.

டீ சொல்லட்டுங்களா? சொல்லறேன், இருங்க.

இப்படி ராசாவாட்ட இருந்தேனுங்க. அப்பத்தான் அவன் வந்தான். கோயமுத்தூர்ல ஏதோ நெட்வொர்க் கம்பெனியில இருந்தானாமா, கம்பெனிய மூடிப்போட்டாங்களாமா, பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு மாமனார் ஊர்ப் பக்கமே வந்துட்டான். வந்தவன் ஒரு வேலைக்குப் போறதுதானே. கடை போடறேன்னான். என்ன கடைன்னு கேட்டா, "சிம்மு போட்டு ஓடற எல்லாமும் சகலை"ங்கறான். கண்ணாடிக் கதவு, உள்ள வெள்ளை லைட்டு. டாங்கிளு, ரவுட்டரு, தோட்டத்துல வெக்கற சிம்மு கேமரா, போர்வெல் லாரி எங்க நிக்குதுன்னு காட்டற கருவி, பால் சொசைட்டி டேங்க்குக்கு ஒண்ணு, பால் சூடானா அதுவே போன் பண்ணுமாம். பாலு போன் பண்ணுதாம்! நான் மோட்டாரு பேசுதுன்னு சொன்னப்பச் சிரிச்ச அதே ஆளுங்க, அவன் பாலு பேசுதுன்னு சொன்னதும் வரிசையில நின்னாங்க.

கடை தொறப்பு விழாவுக்கு என்னத்தான் ரிப்பனை வெட்டச் சொன்னான். "பெரிய சகலைதான் இந்த லைனுக்கே மூத்தவரு"ன்னு மைக்குல சொன்னான். எல்லாரும் கை தட்டுனாங்க. எதுக்குச் சொல்றேன்னா, அவன் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா எனக்கு அவனைப் புடிச்சிருக்கும்.

அதுக்கப்புறம்தானுங்க மாமனார் ஊட்ல காத்து மாறுச்சு. அதுவரைக்கும் எதுன்னாலும் "பெரிய மாப்பிள்ளையக் கேளு"ங்கறவரு. கறவை மாடு வாங்கறதா, போர் போடறதா, ஒறம்பரை சொந்தபந்தம் ஊட்ல கல்யாணத்துக்கு என்ன செய்யறது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். இப்ப வாயத் தொறந்தா "சின்னவரு என்ன சொல்றாரு?" டிவி வரலைன்னா சின்னவரு. ரேஷன் கார்டுல பேரு தப்புன்னா சின்னவரு. ஒருநாள் நான் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன், மோட்டாருக்கு எந்த பேரிங்கு போடலாம்னு அவனுக்குப் போனைப் போட்டுக் கேக்கறாரு. பேரிங்கு! அவன், "அதைப் பெரிய மாப்பிள்ளையக் கேளுங்க மாமா, எனக்குத் தெரியாது"ங்கறான். அது எனக்குக் கேக்குது. மாமனாரு என் பக்கம் திரும்பி, "உங்களைக் கேக்கச் சொல்றாரு"ங்கறாரு. அவன் சொல்லித்தான் என்னைக் கேக்கோணுமாங்க?

வயிறு எரிஞ்சுதுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எரிஞ்சுது. ஆனாப் பொறாமை இல்ல. அது வேற, இது வேற.

அந்த வருசம் மாமனாரு சின்ன வெங்காயம் போட்டிருந்தாரு. அவருக்கு எழுவது வயசுக்கு மேல ஆச்சு, அடுத்த வருசம் குத்தகைக்கு உட்டுருவேன், இதுதான் நான் பாக்கற கடைசி வெள்ளாமைன்னு சொல்லித்தான் போட்டாரு. அதை அவரு கொழந்தையப் பாக்கற மாதிரிப் பாத்தாரு. லோகநாதன் என்ன பண்ணுனான், தோட்டத்துல ஒரு சிம்மு கேமராவை நட்டு, கட்டல்ல படுத்துக்கிட்டே வெங்காயத்தைப் பாக்கற மாதிரிப் பண்ணிக் குடுத்துட்டான். அப்புறம் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துல இன்னொரு சின்னப் பொட்டி. போன்ல ஒரு பட்டனு, பச்சையத் தொட்டா ஓடும், செவப்பத் தொட்டா நிக்கும். கெழவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. வாரவன் போறவனுக்கெல்லாம் போனைக் காட்டறாரு. "எங்க சின்ன மாப்பிள்ளை வெச்சுக் குடுத்தது."

பழைய ஸ்டார்ட்டர யாரு வெச்சது? அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

நான் நெனச்சேன், என் பொட்டியக் கழட்டி வீசியிருப்பான்னு. அடுத்த நாள் காலையில கடையில உக்காந்திருக்கறேன், போனு அடிக்குது. பாத்தா 'மாமனார் தோட்டம்'. எடுத்தா அதே கொரலு, "வணக்கம், மும்முனை மின்சாரம் வந்துள்ளது". அவன் என் பொட்டியக் கழட்டல. அதுக்கு மேலதான் அவனோடதை மாட்டியிருக்கறான். மொத நம்பரு இன்னும் நான்தான்.

கொஞ்ச நேரத்துல மெசேஜு வருது, மோட்டார் ஓடுகிறதுன்னு. மாமனாரு பச்சையத் தொட்டுட்டாரு போல. எனக்கு என்ன தோணுச்சோ, போனைப் போட்டு ரெண்ட அமுக்குனேன். நின்னு போச்சு.

கெடுதல் பண்ணோணும்னு இல்லைங்க. ஒரு சோதனை. ஒரு புது சாமானம் வெச்சா அது நம்பிக்கையான சாமானமான்னு பாக்க வேண்டாமா? மூத்த மருமகனுக்கு அந்தப் பொறுப்பு இல்லீங்களா?

பொழுதோட மாமனாரு கூப்புடறாரு. "மாப்பிள்ளை, சின்னவரு வெச்ச பொட்டியில மோட்டாரு தானா நின்னு போகுதே, என்னன்னு தெரியல." என்னைக் கேக்கறாரு பாருங்க! எத்தனை நாளைக்கப்புறம்! "புது சாமானம்னா அப்படித்தான் மாமா, போகப் போகப் பாக்கலாம்"னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேனுங்க.

அதுக்கப்புறம் அது ஒரு பழக்கமாட்டப் போயிருச்சு. தெனமும் இல்ல. ஓடுதுன்னு மெசேஜு வந்தா, கை சும்மா இருந்தா, நிறுத்துவேன். லோகநாதன் வந்து வந்து பாத்தான். ஆண்டெனாவை மாத்துனான். வேற கம்பெனி சிம்மு போட்டான், என் பொட்டியில இல்ல, அவன் பொட்டியில. வெயில்ல கம்பத்து மேல ஏறி வயரை இழுத்துக் கட்டுனான். மூஞ்சியெல்லாம் கறுத்துப் போச்சு. எல்லாத்தையும் கழட்டிப் பாத்தான், என் பொட்டியில நம்பரு யாருதுன்னு மட்டும் பாக்கல. நான்கூட ஒருக்கா, "அந்தப் புதுசை எடுத்துபோட்டுப் பழசோட உட்டுருங்க சகலை"ன்னு நல்லதுக்குத்தான் சொன்னேன். "இல்ல சகலை, மாமா ஆசைப்பட்டுட்டாரு, எப்படியாச்சும் சரி பண்ணிருவேன்"னான். நான் என்ன பண்ண முடியும்?

இதோ டீ வந்துருச்சு. குடிங்க. சக்கரை தூக்கலாத்தான் இருக்கும், இந்தக் கடையில அப்படித்தான்.

மாமனாருக்குப் பொட்டி மேல நம்பிக்கை போயிருச்சு. வெங்காயம் காய் புடிக்கற நேரம், தண்ணி தப்பக்கூடாது. "எந்தப் பொட்டியும் வேண்டாம், நான் நடந்து போயே போட்டுக்கறேன்"னு கெளம்பிட்டாரு. பழையபடி தோட்டத்துக்கு நடை. நடந்தவரு வாய்க்கா மேட்டுல வழுக்கி உளுந்து, கால் எலும்பு விட்டுப் போச்சு. மாவுக்கட்டு.

அந்தச் செருப்பு தேஞ்ச செருப்புங்க. நான் போன தீபாவளி நோம்பிக்கே சொன்னேன், புதுசு வாங்குங்க மாமான்னு. கேக்கல. இதுக்கு யாரு என்ன பண்றது?

அப்படிப் பாக்காதீங்க அம்மணி. டீயக் குடிங்க, ஆறிப்போயிரும்.

ஞாயித்துக்கெழமை எல்லாரும் மாமனாரைப் பாக்கப் போனோம். அவரு கட்டல்ல காலை நீட்டிப் படுத்திருக்காரு. அத்தை நாட்டுக்கோழி அடிச்சிருந்தாங்க. எங்க பக்கம் மருமகனுக்குக் கோழி ஈரல் வெப்பாங்க, அது ஒரு மரியாதை. லோகநாதன் வந்ததுக்கப்புறம் ஈரலை ரெண்டாப் பிச்சு ஆளுக்குப் பாதி வெச்சுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கு முழுசா என் எலையில வெச்சாங்க. முழு ஈரலு. அவனுக்கு எதுத்தாப்புல. நான் வேணும்னே மெதுவாத் தின்னேன்.

அவன் எலையில சோறு அப்படியே கெடக்குது. "மாமா, என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு. நாளைக்கே அந்தப் பொட்டியக் கழட்டிடறேன். கடையையும் மூடிப்போட்டு மறுபடி கோயமுத்தூருக்கே போயிரலாம்னு இருக்கறேன்"ங்கறான். சுகுணா முந்தானையில கண்ணைத் தொடைக்கறா. மாமனாரு மேல பாத்துக்கிட்டே படுத்திருக்காரு. எனக்கு, அதை எப்படிச் சொல்றது, ஈரல் ருசியா இருந்துச்சு.

நான் அவனுக்கு ஆறுதல்தான் சொன்னேன். "உடுங்க சகலை, எல்லாத்துக்கும் அனுபவம்னு ஒண்ணு வேணும்"னு சொன்னேன். சொல்லி முடிக்கல.

என் போனு அடிச்சுது.

எலைக்குப் பக்கத்துலதான் வெச்சிருந்தேன். முழுச் சத்தம். என் கையெல்லாம் கொழம்பு. கலாமணி ரசத்தை வெச்சுபோட்டு எப்பவும் போல ஓடியாந்து எடுத்தா. "மாமனார் தோட்டம்னு வருது"ன்னு சொல்லிக்கிட்டே எப்பவும் போல ஸ்பீக்கர்ல போட்டா, எப்பவும் போல என் காதுகிட்டப் புடிச்சா.

"வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது. மோட்டார் கடைசியாக உங்கள் எண்ணிலிருந்து நிறுத்தப்பட்டது. மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்."

அந்தப் பொம்பளை எத்தனை வருசமா என்கிட்டப் பேசறவ. ஒருநாள் பாத்து இப்படியா பேசுவா? எல்லாத் தடவையும் அதைச் சொல்லத்தான் செய்வா, நான்தான் கரண்டு வந்திருச்சுங்கற வரைக்கும் கேட்டுப்போட்டு அமுக்கிருவேன்.

அன்னைக்குக் காலையில நிறுத்துனது அது. மாமனாரு படுத்திருக்கறாரேன்னு லோகநாதன் அவன் போன்ல இருந்து ஓட்டி உட்டிருக்கறான். நாங்க பஸ்ஸுல வந்துக்கிட்டு இருந்தோம். மெசேஜு வந்துச்சு, கை அது பாட்டுக்கு அமுக்கிருச்சு. அவருக்குக் கால் ஒடிஞ்சதுக்கப்புறமும் நிறுத்துனீங்களான்னு கேக்கறீங்களா? கலாமணியும் அப்புறம் ராத்திரி பூரா இதையேதான் கேட்டா. கைப் பழக்கம்னு சொன்னா ஒருத்தருக்கும் புரியறதில்ல.

அந்தப் பொம்பளை மறுபடியும் சொல்றா, "ஒன்றை அழுத்தவும், ஒன்றை அழுத்தவும்"னு. போனை என் காதுல இருந்து எடுக்கோணும்னுகூட கலாமணிக்குத் தோணல. அத்தை கரண்டியோட நிக்கறாங்க. எலையில பாதி ஈரல் இருக்குது. அதை முழுங்கறதா, அப்படியே வெக்கறதா?

அப்பத்தான் லோகநாதன் பேசுனான்.

"நான்தான் மாமா பெரிய சகலைகிட்டச் சொன்னேன். நான் ஓட்டறப்ப நீங்க நிறுத்திப் பாருங்க, எங்க கோளாறுன்னு தெரியும்னு. டெஸ்டிங்குக்குத்தான். உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

கேட்டீங்களா? எங்கயும் தடுமாறல. என் மூஞ்சியப் பாக்கல. வெங்காயம் வாடி, அவரு கால் போயி, அவன் பேரு போயி, அதுக்கப்புறமும் இப்படி ஒருத்தன் பேசுவானா? என்னை நாலு பேர் முன்னால கை நீட்டி அடிச்சிருந்தான்னா நான் மறந்திருப்பேன். "எதுக்குடா பண்ணுனே"ன்னு சட்டையப் புடிச்சிருந்தாகூட, சண்டை போட்டு, பேசாம இருந்து, அடுத்த நோம்பிக்கு ஒண்ணாயிருப்போம். காப்பாத்துனான் பாருங்க, அதைத்தானுங்க என்னால பொறுக்க முடியல. அந்த எடத்துலயும் அவனே பெரிய மனுசன். எனக்கு ஒரு எடம் உட்டு வெக்கக் கூடாதா?

மாமனாரு அதை நம்புனாரான்னு கேக்கறீங்களா? அவரு கையை நீட்டுனாரு. கலாமணி போனைக் குடுத்தா. அவரே ஒண்ண அமுக்குனாரு. மோட்டாரு ஓடற மெசேஜு வார வரைக்கும் கையில வெச்சிருந்தாரு. அப்புறம் போனை அவருடைய துண்டுல தொடைச்சு என்கிட்டத் திருப்பிக் குடுத்தாரு. "கொழம்பு பட்டிருந்துச்சு"ன்னாரு. அவ்வளவுதான். நான் கும்புட்டுப்போட்டுக் கெளம்புனப்ப, எனக்குக் கேக்கற மாதிரியேதான் சொன்னாரு, "சின்ன மாப்பிள்ளை, அந்த மொத நம்பர மட்டும் மாத்திருங்க."

அவன் நம்பர வெச்சிருப்பான்னுதானே நெனைக்கறீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்படி வெச்சிருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அவன் கலாமணி நம்பர வெச்சுப்போட்டான். "பெரிய மகதான் மாமா பாத்துக்கோணும், அப்பத்தான் மொறை"ன்னானாம். இப்பக் கரண்டு வந்தா என் ஊட்டுச் சமையக்கட்டுக்குள்ள போனு அடிக்குது. அவ எடுக்கறா, ஒண்ண அமுக்கறா, வெக்கறா. என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. நான் கூடத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கறேன். முன்னெல்லாம் போனை என் காதுகிட்டப் புடிச்சவ.

வெங்காயம் பாதி தேறுச்சுங்க. அவரு கால் மட்டும் இன்னும் சரியா ஊனல.

அந்த விசயம் வெளிய தெரியலைன்னுதான் லோகநாதன் சொல்றான். ஆனா ஒவ்வொரு சம்சாரியா அவன் கடைக்குப் போயி, "எங்க பொட்டியிலயும் மொத நம்பர மாத்திக் குடுங்க"ன்னு கேட்டிருக்கறாங்க. ஓடக்கரைத் தென்னை போச்சு. வாத்தியார் பம்புசெட் போச்சு. இப்பத் திரீபேஸ் வந்தாலும் தெரியறதில்ல, போனாலும் தெரியறதில்ல. இங்க பாருங்க, நீங்க வந்து எத்தனை நேரமாச்சு, ஒருக்காவாச்சும் அடிச்சுதா?

யாவாரம் நடக்குதுங்க, இல்லைன்னு சொல்லல. காயில் கட்டறது, பேரிங்கு மாத்தறது, அந்த வேலை இருக்குது. அதுலயும் பாதிப் பேரு, "லோகநாதன் அனுப்புனாருங்க, மோட்டாருன்னா நீங்கதானாமா"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள வாராங்க. அப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நெனைக்கறீங்க? சாமானத்தை வாங்கி வெக்கறேன். வேற என்ன பண்றது.

எந்திரிச்சிட்டீங்களா? நாலு மணியாகலையே. ஓ, உங்களுக்கு மீட்டிங்கு இருக்குதாக்கும்.

சரி, போங்க. தொறந்துதான் இருக்கும். அவன் மத்தியானம் மூடறதே இல்லீங்க, சோறு சுகுணா கடைக்கே கொண்டாந்து குடுத்துருவா. இப்படியே நேராப் போனீங்கன்னா பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்துல கண்ணாடிக் கதவு. நல்ல ரவுட்டராத்தான் குடுப்பான், ஏமாத்த மாட்டான். ஊட்டுக்கே வந்து சிக்னலு எங்க எடுக்குதுன்னு பாத்து வெச்சுக் குடுப்பான்.

ஒண்ணு மட்டும். நான்தான் வழி சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா, உடனே போனைப் போட்டு, "ரொம்ப நன்றிங்க பெரிய சகலை"ம்பான். அவன் அப்படிப்பட்ட ஆளு. எனக்கு அதைக் கேக்கவே முடியாது.

இல்ல, இருங்க அம்மணி.

சொன்னாலும் சொல்லுங்க. போனாச்சும் அடிக்கட்டும்.